துருவும் ஓணானும்: கண்டி மலைநாட்டுப் பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமை, பேராதனை

கோப்பி இலையின் அடிப்புறத்தில் குடியிருக்கும் ஒரு பூஞ்சையையும், இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத ஒரு பச்சை ஓணானையும் ஒரே பயணத்தில் தேடிப் பார்த்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுத வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. பூஞ்சையின் அறிவியற்பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். அது உண்டாக்கும் நோயை இலைத்துரு என்பார்கள். ஓணானின் அறிவியற்பெயர் லைரியோசெபாலஸ் ஸ்கூடாட்டஸ். மூக்கின் மேல் உருண்டையான ஒரு புடைப்பு இருப்பதால் இக்குறிப்புகளில் அதனைத் திமில்மூக்கு ஓணான் என்றே எழுதுகிறேன். பயிரைத் தின்னும் ஒட்டுண்ணிக்கும் முதுகெலும்புள்ள ஒரு விலங்குக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கண்டியைச் சுற்றிய ஈரமான மலைச்சரிவுகள் இரண்டுக்கும் வாழிடம். இரண்டுக்கும் கண்ணைக் கவரும் நிறம் உண்டு. அவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளில் விழுந்த கோடரி பூஞ்சைக்கு வீட்டைப் பெருக்கிக் கொடுத்தது. அதே கோடரி ஓணானின் வீட்டைச் சுருக்கியது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

மகாவலி ஆறு வளைந்து சூழ்ந்தோடும் பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821-இல் தொடங்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் ஓர்க்கிட் இல்லத்தையும் பனைமர வரிசைகளையும் பார்க்கப் போகும் வேளையில், நானும் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த நண்பர் ஒருவரும் பூங்காவின் பழைய வரலாற்றைப் பேசிக்கொண்டே நடந்தோம். 1849 முதல் 1880 வரை இப்பூங்காவின் பொறுப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் த்வெயிட்ஸ். 1869-இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றியபோது, அந்த இலைகள் அவருடைய கைக்கு வந்தன. அவர் அவற்றை இங்கிலாந்தில் இருந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு அனுப்பினார். பெர்க்லி ஒரு பாதிரியார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த கருகல் நோய்க்கு நுண்ணுயிர் ஒன்றே காரணம் என்று 1840-களிலேயே வாதிட்டவர். அவரும் அவருடைய நண்பர் புரூமும் சேர்ந்து அதே 1869-இல் இந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டு விவரித்தனர். ஆபிரிக்காவில் காட்டுக் கோப்பியிலே பிறந்த ஓர் உயிருக்கு இலங்கையிலிருந்து சென்ற இலைகளைக் கொண்டே பெயர் கிடைத்தது.

நண்பர் தமக்குத் தெரிந்த ஆய்வுகூடம் ஒன்றில், துருப்பிடித்த கோப்பி இலையிலிருந்து சுரண்டி எடுத்த பொடியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டினார். இப்பூஞ்சையின் நுண்வித்து சிறுநீரக வடிவம் உடையது. அதன் முதுகுப்புறம் முழுவதும் சிறு முள்போன்ற கரடுகள்; வயிற்றுப்புறம் வழவழப்பு. துருப்பூஞ்சைகளில் வேறெதனோடும் எளிதில் குழப்பிக்கொள்ள முடியாத வடிவம் அது. நிறத்துக்குக் காரணம் கரட்டினாய்டு எனப்படும் நிறமிகள். காரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தருகின்ற அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றில் பறக்கும் வித்தை வெயிலின் புறவூதாக் கதிர் கெடுத்துவிடாமல் காக்க இந்நிறமி உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே அந்த அழகிய செம்மஞ்சள் எந்தக் கண்ணுக்காகவும் உண்டானது அன்று. அதனைப் பார்க்க வேண்டிய உயிர் எதுவும் இல்லை. நாளை பார்க்கப்போகும் ஓணானின் நிறத்தோடு ஒப்பிட வேண்டிய முதல் செய்தியாக இதனைக் குறித்துக்கொண்டேன்.

வித்து முளைக்க நீர்த்துளி வேண்டும். இலையின் அடிப்புறத்தில் ஈரம் தங்கியிருக்கும் சில மணிநேரத்துக்குள் அது முளைவிட்டு, இலைத்துளை ஒன்றைத் தேடி அதன் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே சென்றதும் உயிருள்ள கலங்களுக்குள் உறிஞ்சுறுப்புகளைச் செலுத்தி உணவை எடுத்துக்கொள்கிறது. இலையைக் கொன்றுவிட்டால் தானும் சாக வேண்டும் என்பதால், அது இலையை உயிரோடு வைத்தே தின்கிறது. சில வாரங்களில் இலையின் மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் திட்டும், அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியும் தோன்றுகின்றன. பல துருப்பூஞ்சைகள் இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். இதுவோ தான் நுழைந்தது போன்ற இலைத்துளைகளின் வழியாகவே, சிறு பூங்கொத்தின் அமைப்பில், வித்துகளை வெளியே நீட்டுகிறது. ஒரு திட்டிலிருந்து இலட்சக்கணக்கான வித்துகள் புறப்படும்.

இவ்வளவையும் முதன்முதலில் ஒழுங்காகக் கண்டறிந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட். 1880-இல் இலங்கைக்கு வந்தபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். கோப்பித் தோட்டங்களில் கண்ணாடித் துண்டுகளை வைத்து, காற்றில் வரும் வித்துகள் அவற்றில் படிவதைக் காட்டினார். மண்ணின் வலுக்குறைவோ வானிலையோ செடியின் முதுமையோ நோயை உண்டாக்குகிறது என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் தெளிவான சான்றைக் கொடுத்தார். தோட்டக்காரர்கள் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவரிடம் மருந்து இருக்கவில்லை. சுண்ணாம்பும் கந்தகமும் தூவுவதை அவருக்கு முன்பே பேராதனையில் பணியாற்றிய டானியல் மொரிஸ் முயன்று பார்த்திருந்தார். செம்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் நிலைபெற்றது 1885-ஐ ஒட்டித்தான். அதற்குள் இலங்கைக் கோப்பியின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சரியான விடையைக் கண்டுபிடித்தும் வெறுங்கையோடு 1882-இல் திரும்பிப்போன அந்த இளைஞரை நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டாகிறது.

செவ்வாய்க்கிழமை, கன்னொறுவை

பூங்காவுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் கன்னொறுவைக் குன்று எழுகிறது. அதன் மேற்பகுதியில் எஞ்சியுள்ள காடு பெரியதன்று. ஆனால் திமில்மூக்கு ஓணானைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது நன்கு அறிமுகமான இடம். பூஞ்சைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பூங்காவும், இந்த ஓணான் வாழும் குன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

காலை முழுவதும் மரத்தண்டுகளையே பார்த்து நடந்தோம். இரவு பெய்த மழையில் பாசி ஊறியிருந்தது. அட்டைகள் காலுறைக்குள் ஏறின. இந்த ஓணான் ஓடுவதில்லை. ஓடினால் கண்ணில் பட்டுவிடும். அது தண்டோடு தண்டாக, தலையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, நெடுநேரம் அசையாமல் இருக்கும். நண்பர் என் தோளைத் தொட்டுக் காட்டிய பின்னரும் சிறிது நேரம் எனக்கு அது தெரியவில்லை. பிறகு பாசியின் பச்சைக்குள்ளிருந்து வேறொரு பச்சை மெல்லப் பிரிந்து வந்தது.

அது ஆண். உடல் இலைப்பச்சை, தொண்டையின் கீழே தொங்கும் பை நல்ல மஞ்சள், மூக்கின் மேல் உருண்டையான திமில், கண்களுக்கு மேலிருந்து பின்னோக்கி வளையும் எலும்பு மேடுகள், முதுகில் பற்கள் போன்ற முகடு. இலங்கையின் ஓணான் வகைகளுள் இதுவே மிகப் பெரியது. அதன் பேரினத்தில் வேறு இனம் எதுவும் இல்லை. உலகில் அதற்கு மிக நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கவை இதே தீவின் கொம்பு ஓணான்களும் அவற்றின் சுற்றமுமே. 1758-இலேயே லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டுவிட்டார். அதாவது இலைத்துருவுக்கு 111 ஆண்டுகள் முன்பே இது அறிவியலின் ஏட்டில் ஏறிவிட்டது.

நாங்கள் ஓர் அடி அதிகமாக நெருங்கியபோது அது வாயைத் திறந்தது. வெற்றிலை போட்ட வாய்போல உள்ளே முழுவதும் செக்கச்செவேல் என்று இருந்தது. பச்சை உடலின் நடுவே திடீரென்று தோன்றும் அந்தச் சிவப்பு, தன்னைத் தின்ன வரும் பறவையோ பாம்போ ஒரு கணம் தயங்குவதற்காகவே காட்டப்படுவது. அச்சுறுத்தல் பலிக்காவிட்டால் இந்த ஓணான் உடலை விறைத்துக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும் என்பதும் நன்கு பதிவான செய்தி. நாங்கள் அந்த அளவுக்கு அதனைத் துன்புறுத்த விரும்பாமல் பின்வாங்கினோம். வாய் மூடியது, தொண்டைப் பை இருமுறை அசைந்தது, பிறகு மீண்டும் பழைய அசைவின்மை.

நேற்று குறித்துக்கொண்ட செய்தியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஓணானின் பச்சை ஒரே நிறமியால் ஆனதன்று. தோலின் மேலடுக்கில் மஞ்சள் நிறமிக் கலங்களும், அவற்றின் கீழே நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள் நிறைந்த கலங்களும் உள்ளன. நீலம் மஞ்சளின் வழியே வெளிவரும்போது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதற்கும் கீழே உள்ள கருநிறமிக் கலங்கள் விரிந்தால் உடல் இருளும். அருங்காட்சியகங்களில் மதுசாரத்தில் இட்டு வைத்த பச்சை நிற ஊர்வன பல, மஞ்சள் கரைந்து போய் நீலமாகிவிடுவது இதனால்தான். இந்த ஏற்பாடு முழுவதும் பார்ப்பவரை முன்னிட்டு அமைந்தது. எதிரிக்குத் தெரியாதிருக்கப் பச்சை. இன்னோர் ஆணுக்கும் பெண்ணுக்கும் தெரியும்படி மஞ்சள். நெருங்கிவிட்ட எதிரிக்குச் சிவப்பு. இலைத்துருவின் செம்மஞ்சளோ தன் வேலையைச் செய்ய யாருடைய பார்வையையும் வேண்டுவதில்லை. நிறம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுபவை இவ்விரண்டிலும் இவ்வளவு வேறுபட்ட வேலைகளைச் செய்வதை நேரில் கண்டபோது, ஒப்பீடு வீண்போகவில்லை என்ற நிறைவு ஏற்பட்டது.

இந்த ஓணான் மண்புழுவையும் பூச்சிகளையும் தின்று வாழ்கிறது. பெண் ஓணான் தரைக்கு இறங்கி, ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். எனவே அதற்கு நிழல் தரும் மரமும், இலைச்சருகு மூடிய இளகிய மண்ணும் ஒருங்கே வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீற்றர் உயரம் வரை, பெரும்பாலும் தீவின் ஈரவலயத்திலேயே இந்த நிலைமைகள் அதற்குப் பொருந்தி வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் மிகவும் பிடித்திருந்த உயரங்கள் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கின.

புதன்கிழமை, லூல்கந்துரை

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக மலையேறினோம். வழியெங்கும் தேயிலை. ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் லூல்கந்துரை. அந்த நிலத்துண்டு இன்றும் 7-ஆம் இலக்க மலை என்று காட்டப்படுகிறது. துரு தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் தேயிலையைத் தொடங்கிவிட்டார்; கோப்பி வீழ்ந்தபோது மற்றவர்கள் பின்பற்றுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆயத்தமாக இருந்தது. 1892-இல் அவர் இத்தோட்டத்திலேயே இறந்தார்.

கோப்பிக்காக இந்த மலைகள் எவ்வாறு வெட்டப்பட்டன என்பதைச் சொல்லாமல் பூஞ்சையின் வெற்றியை விளக்க முடியாது. 1830-களுக்குப் பிறகு, சரிவின் கீழிருந்து மேலாக மரங்களை அரைவெட்டாக வெட்டிக்கொண்டே போய், உச்சியில் உள்ள பெருமரங்களை முழுதாகச் சாய்க்கும்போது முழுச் சரிவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி செய்தார்கள். காய்ந்த பின் தீ வைத்தார்கள். 1878 அளவில் கோப்பிப் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். துரு தோன்றிய 1869-க்குப் பிறகும் இந்தப் பரப்பு கூடிக்கொண்டே போனது. உலகச் சந்தையில் விலை ஏறியதால், விளைச்சல் குறைவது கணக்கில் மறைந்தது. புதிய காடுகள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு புதிய ஏக்கரும் பூஞ்சைக்கு ஒரு புதிய இலைப்பரப்பு ஆயிற்று.

அன்று இங்கிருந்த கோப்பி ஏறக்குறைய முழுவதும் அராபிக்கா இனம். மிகச் சில தாய்ச்செடிகளின் வழித்தோன்றல். துருவை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. காற்றைத் தடுக்க மரங்களும் இல்லை. ஒரு செடியிலிருந்து புறப்பட்ட வித்து அடுத்த செடியில் விழ, அங்கிருந்து அடுத்த தோட்டத்துக்கு, அங்கிருந்து அடுத்த மாவட்டத்துக்கு என்று போயிற்று. துரு பிடித்த இலை உதிர்கிறது. செடி சேமித்த உணவைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கிறது. துளிரிலும் துரு ஏறுகிறது. கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன. செடி ஒரே நாளில் சாவதில்லை என்பதுதான் தோட்டக்காரர்களை ஏமாற்றியது. 1870 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல் கோப்பியை ஏற்றுமதி செய்த தீவு, இருபது ஆண்டுகளுக்குள் அதில் மிகச் சிறு பங்கையே ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884-இல் கதவை மூடியது. நோயின் இலத்தீன் பெயரைத் திரித்துத் தோட்டக்காரர்கள் அதற்கு 'டிவாஸ்டேட்டிங் எமிலி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அருகே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓய்ந்திருந்த வயதான அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கோப்பிக் காலத்தில வந்தவங்கதான் எங்க ஆளுங்க, தம்பி. அப்ப வந்து பழம் பறிச்சிட்டுத் திரும்பிப் போயிருவாங்களாம். தேயில வந்தப்புறந்தான் இங்கேயே தங்கிட்டோம்னு எங்க பாட்டி சொல்லும்," என்றார். வரலாறு அவர் சொன்னபடியே நடந்தது. மதராஸ் மாகாணத்தின் தென்மாவட்டங்களிலிருந்து இராமேசுவரம், மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், கோப்பி அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே ஆள் தேவைப்பட்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக மலையகத் தமிழர் இங்கேயே வேர்விட்டதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்வித்தும் இருக்கிறது. இதைவிடப் பெரிய வேலையை ஒரு பூஞ்சை என் மக்களின் வரலாற்றில் செய்ததாக நான் அறியேன்.

மூக்கில் உருண்டையுள்ள ஓணானைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "தேயிலைக்குள்ள சாதாப் பச்சோணாந்தான் திரியும். நீங்க சொல்றது ஓடக்கரை மரத்துல இருக்கும். கட்டையாட்டம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்," என்றார். அன்று மாலை ஓடைக்கரைக் காட்டுப்பட்டையில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் சொன்ன இடம் சரியானதே. கோப்பி போய்த் தேயிலை வந்தது ஓணானுக்கு எந்த விடுதலையையும் தரவில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரே சீராக வெட்டிய தேயிலையில் அது ஏறி ஒட்டிக்கொள்ளத் தண்டும் இல்லை, அதன் முட்டைக்கு ஏற்ற சருகு மண்ணும் இல்லை. பூஞ்சை தன் பெருவீட்டை இழந்தது. ஓணானுக்குத் தன் வீடு திரும்பக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை, பதுளை வழியாக மடுல்சீமை

நீண்ட தூரம் என்பதால் இன்றைய நாளின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்தது. நுவரெலியாவின் உயரத்துக்கு வந்ததும் திமில்மூக்கு ஓணானின் எல்லை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே, ஹோர்ட்டன் சமவெளி வரை, கன்னம் கறுத்த வேறொரு பச்சை ஓணான் அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து சமவெளியில் பரவிவிட்ட கோர்ஸ் என்னும் முட்புதருக்குள் அந்த ஓணான் வசதியாக வாழ்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த உயிர்கள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதற்காக இதனை இங்கே பதிவு செய்கிறேன்.

பசறையைத் தாண்டி மடுல்சீமைக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து போகிறது. துருவின் இலங்கை வரலாறு தொடங்கிய இடத்தில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். தோட்டப் பாதையோரம், ஒரு வீட்டு வேலியில், தானாக முளைத்தவைபோல நின்ற கோப்பிச் செடிகளைக் கண்டோம். இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சள் பொடி. விரலில் ஒட்டியது. 1869-இல் இங்கே எவரோ ஒருவர் இதே பொடியை முதன்முதலில் விரலில் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கிருந்து அது போன தொலைவை எண்ணிப் பார்த்தேன். 1870-களில் தென்னிந்தியாவிலும் சுமாத்திரா, ஜாவாவிலும் பரவியது. 1970-இல் அத்திலாந்திக்குக்கு அப்பால் பிரேசிலில் தென்பட்டது. 2012-க்குப் பின் மத்திய அமெரிக்க நாடுகளில் எழுந்த பெருந்தொற்றில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2020-இல் ஹவாயையும் எட்டியது. இன்று அதன் உட்பிரிவுகளாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இனவகைகள் அறியப்பட்டுள்ளன. எதிர்ப்பாற்றல் உள்ள கோப்பி வகையை மனிதர் உருவாக்கினால், சில பத்தாண்டுகளில் அதனையும் தாக்கக்கூடிய வகை தோன்றிவிடுகிறது. ஓணானின் நிலை இதற்கு நேர்மாறானது. அதனால் ஒரு தேயிலைச் சரிவைக்கூட எளிதில் கடக்க முடியாது. கடல் கடந்து போகிறது என்றால், வளர்ப்பு விலங்கு வணிகத்துக்காகக் கடத்துபவரின் பெட்டிக்குள் அடைபட்டுத்தான். அதனைத் தடுக்கவே 2019-இல் இலங்கையின் அரிய ஓணான்கள் பலவற்றோடு திமில்மூக்கு ஓணானும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூஞ்சை எல்லைகளைத் தானே கடக்கிறது. ஓணானுக்காக மனிதர் எல்லையில் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை, மாத்தளை வீதியை அண்டிய ஒரு சிற்றூர்

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும் என்று நண்பர் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். கண்டிக்கு வடக்கே உள்ள ஒரு கண்டிய வீட்டுத்தோட்டத்துக்கு இன்று அழைத்துப் போனார். இந்தத் தோட்டங்களை முதன்முறை பார்ப்பவர் காடு என்றே எண்ணுவார். உயரத்தில் பலாவும் கித்துளும் தென்னையும். நடுவில் கமுகு, சாதிக்காய், கராம்பு. மரங்களில் படர்ந்த மிளகு. கீழே வாழை, இஞ்சி, மஞ்சள். இவற்றின் இடையே, நடப்பட்டவையும் பறவை எச்சத்தில் முளைத்தவையுமாகக் கோப்பிச் செடிகள். வீட்டுக்காரர் முதிய சிங்கள விவசாயி. நண்பர் மொழிபெயர்க்க, நான் கேட்டேன்.

கோப்பி இலைகளில் துரு இருந்தது. ஆனால் செடிகள் இலையோடும் காயோடும் நின்றன. துரு எப்போதும் உண்டு என்றும், மழைக்காலம் முடியும்போது கூடும் என்றும், அதற்காக எதுவும் தெளித்ததில்லை என்றும் அவர் சொன்னார். இதனைப் பார்த்துவிட்டு நிழல்தான் மருந்து என்று எழுதிவிடக் கூடாது. நிழலில் இலை காய நேரமாகும், அந்த ஈரம் வித்து முளைக்கத் துணைசெய்யும். 1870-களில் கிராமத்தவரின் கோப்பியையும் துரு விட்டுவைக்கவில்லை. ஆயினும் மரங்கள் காற்றைத் தடுத்து வித்தின் பயணத்தைக் குறைக்கின்றன. நிழலில் செடி அளவுக்கு மீறிக் காய்ப்பதில்லை. மிகுதியாகக் காய்த்துக் களைத்த செடியையே துரு அதிகம் வருத்துகிறது. செடிக்குச் செடி இடையில் வேறு பத்து இனங்கள் நிற்கின்றன. ஓர் இலையில் செம்மஞ்சள் பொடியின் மேல் வெண்பஞ்சு போன்ற ஒன்று படர்ந்திருந்தது. துருவையே தின்னும் பூஞ்சை அது என்று நண்பர் காட்டினார். ஒட்டுண்ணியின் மேல் இன்னோர் ஒட்டுண்ணி வாழ இடம் கொடுக்கும் அளவுக்கு அந்த நிழலும் ஈரமும் மாறாமல் இருந்தன. ஆபிரிக்கக் காட்டில் கோப்பியோடு வாழ்ந்த காலத்தில் இந்தத் துருவின் வாழ்க்கை ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்: பல உயிர்களில் ஒன்றாக, அளவோடு. அதனைப் பேரழிவாக்கியது அதன் இயல்பைக் காட்டிலும், அதற்காக மனிதர் விரித்துக் கொடுத்த 2,75,000 ஏக்கர் ஒரே இலை. வார்ட் அன்றே இதனைக் கண்டிருந்தார். இடைவெளியின்றிப் பரந்த கோப்பி நிலங்களே நோயை இந்த அளவுக்கு வளர்த்தன என்று எடுத்துச் சொன்னார்.

ஓணானை வீட்டுக்காரரே காட்டினார். கிணற்றுப் பக்கத்துப் பலாமரத்தில், தலைக்குச் சற்று மேலே, ஒரு பெண் ஓணான். ஆணைவிட நிறம் மங்கல், திமில் சிறிது. அது நின்ற இடத்திலிருந்து கையெட்டும் தொலைவில் துருப்பிடித்த கோப்பிக்கிளை ஒன்று நீண்டிருந்தது. அந்த ஓணான் பல நாட்களாக இதே மரங்களைச் சுற்றியே இருப்பதாகவும், சருகுக்குள் மண்புழு எடுக்க இறங்குவதைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பதாகவும் அவர் சொன்னார். பூச்சிமருந்து தெளிக்காததும், சருகை எரிக்காமல் மண்ணோடு விடுவதும் அதற்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் அதனை ஓணானுக்காகச் செய்யவில்லை. மிளகுக் கொடிக்கு நல்லது என்பதற்காகச் செய்கிறார். எனக்கு இந்த விடை மிகவும் பிடித்திருந்தது.

மதிய உணவுக்குப் பிறகு பேச்சு வேறு திசையில் திரும்பியது. கோப்பிக்கு இப்போது நல்ல விலை கிடைப்பதால், கீழ்ச்சரிவின் மரங்களை வெட்டி, முழுவெயிலில் கோப்பி மட்டும் நடலாமா என்று அவருடைய மகன் யோசித்துக்கொண்டிருந்தார். நான் லூல்கந்துரையிலும் மடுல்சீமையிலும் பார்த்ததைச் சொன்னேன். நண்பர் துருவின் போக்கை விளக்கினார்: எதிர்ப்பாற்றல் உள்ள வகையும் என்றென்றைக்கும் எதிர்த்து நிற்பதில்லை, ஒரே வகையை ஒரே வெட்டவெளியில் நட்டால், புதிய துரு வரும் நாளில் எல்லாச் செடிகளும் ஒன்றாக விழும், காய் குறைந்தாலும், மரங்களுக்கு இடையில் நட்டால் மிளகும் சாதிக்காயும் கைகொடுக்கும். மகன் எளிதில் ஒப்பவில்லை. நிழலில் ஒரு செடிக்கு எவ்வளவு காய்க்கும், எத்தனை ஆண்டில் காய்க்கும் என்று விடாமல் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். தந்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில், பலாவுக்கும் கமுகுக்கும் இடையில் உள்ள வெற்றிடங்களில் முதலில் நட்டுப் பார்ப்பது, கீழ்ச்சரிவின் மரங்களை இந்த ஆண்டு தொடுவதில்லை என்று இருவரும் பேசி முடித்தார்கள். எந்த வகை நாற்று இந்த உயரத்துக்குப் பொருந்தும், அதனை எங்கே கேட்டு வாங்குவது என்பதை மகன் நண்பரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.